மூன்று டெசிபலும் மாலதி அக்காவும்

பள்ளியிலிருந்து வந்து பையை இறக்கி வைத்தபோது, அம்மா கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டார். மாலதி அக்கா அன்று மதியம் இறந்துவிட்டார். கும்பகோணத்தில் அவரிடம் காதைப் பரிசோதித்துக்கொண்ட உங்களில் பலருக்கும் அந்தச் செய்தி வந்து சேர்ந்திருக்கும். உடம்பு முடியாமல் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அவர் இல்லாத அந்தச் சிறிய பரிசோதனை அறையை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எங்களுடையது நெல் அரைக்கும் மில். அங்கே வேலை பார்ப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காது சரியாகக் கேட்கவில்லை என்று தன்னிடம் வரவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒலி அளக்கும் கருவியோடு அக்காவே மில்லுக்கு வந்துவிட்டார். ஓர் எந்திரம் ஓடியபோது கருவி தொண்ணூறு டெசிபல் காட்டியது. அதே போன்ற இரண்டாவதையும் ஓடவிட்டார்கள். நூற்றெண்பது வரும் என்று நான் காத்திருந்தேன். தொண்ணூற்று மூன்று!

காதுக்குக் கவசம் மாட்டச் சொல்லிவந்த அக்காவை மடக்கிவிட்டதாக அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களாம்மா? முழுசா ஒரு மெஷினுக்கே மூணுதான் கூடுது. இதுக்குப் போயி காதுல கவசத்த மாட்டிக்கிட்டு ஹெலிகாப்டர் ஓட்டச் சொல்றீங்களே!"

"அந்த மூணுலதாண்ணே வம்பே. மூணு கூடுனா சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு. காது தாங்குற நேரம் பாதி."

"எனக்கெல்லாம் நல்லாத்தாம்மா கேக்குது."

"அப்ப எங்க ரூம்ல வந்து உக்காருங்க. என்ன, பயமா?"

பயமா என்று கேட்டால் அப்பா போகாமல் இருப்பாரா?

அங்கே, சத்தம் புகாத கண்ணாடித் தடுப்புக்குள் அக்கா முதலில் என்னை உட்காரவைத்தார். ஹெட்ஃபோனில் ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். கீச்சென்ற மெல்லிய ஒலியை நான் பூஜ்ய டெசிபலிலேயே பிடித்துவிட்டேன். "பூஜ்யம்னா சத்தமே இல்லன்னு நெனைக்காத. நல்ல காதுக்குக் கேக்க ஆரம்பிக்கிற எடம் அது" என்றார் அக்கா.

அடுத்து அப்பா. அதே ஒலிதான். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அக்கா ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார்: பத்து, இருபது, முப்பது... அப்பா பொத்தானில் விரலை வைத்தபடி, அக்கா இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பதில்தான் அழுத்தினார்.

"அம்பதுன்னா எவ்வளவுக்கா?"

"பத்துக்குப் பத்து மடங்கு. இருபதுக்கு நூறு மடங்கு. மிச்சத்த நீயே போடு."

ஆயிரம், பத்தாயிரம் என்று விரல் மடக்கினேன். லட்சம்! என் காதுக்கு ஒரு நெல்மணி போதும் என்றால், அப்பாவின் காதுக்கு லட்சம் நெல்மணி வேண்டும். அவ்வளவு பெரிய வித்தியாசம் ஐம்பது என்ற சின்ன எண்ணுக்குள் அடங்கியிருந்ததை நினைத்து மலைத்து நின்றேன். வெளியே வந்த அப்பா, லட்சம் என்று கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போனது திரும்பாதுண்ணே. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். ஒங்ககிட்ட வேலை பாக்குறவங்களுக்கும்தான் சொல்றேன்" என்றார் அக்கா. அந்த வாரமே மில்லில் எல்லோருக்கும் கவசம் வந்தது. முதலில் மாட்டிக்கொண்டவர் அப்பா.

அன்று பரிசோதனை முடிந்து கிளம்பும்போது அப்பாவை நான் கத்திக் கூப்பிட்டேன். அக்கா என்னை நிறுத்தினார். "கத்தாத. தூரத்தப் பாதியாக்கு, ஆறு டெசிபல் தானா கூடும். மூஞ்சியப் பாத்துப் பேசு."

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான். அவர் மறைந்த மாலை நான் மில்லுக்கு ஓடினேன். எந்திரங்களை நிறுத்தச் சொல்லி, அப்பாவின் கவசத்தைக் கழற்றி, எதிரே நெருங்கி நின்று செய்தியை மெதுவாகச் சொன்னேன். ஒரே தடவையில் அவருக்குக் கேட்டுவிட்டது.