கடல் சூடான வருஷம்

கடுகண்ணாவை மலைச்சரிவில் எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் அக்கா, சமையலறைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டோரம் மழைத்தண்ணீர் ஓட வடிகான் வெட்ட ஆள் பிடித்திருந்தார். புவியியல் கற்பிக்கிற என் வாய் சும்மா இருக்குமா?

"இது எல் நினோ வருஷம் அக்கா. பசிபிக் கடல் சூடாகிருச்சாம். மிதவை விட்டு அளந்து பாத்திருக்காங்க. மழையே இருக்காது. வீணா ஏன் வெட்டுறீங்க?"

அவர் ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆவணி வரை மழை சரியாகப் பெய்யவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஐப்பசியில் கொட்டத் தொடங்கியது. நாலாம் நாள் மண்மேடு சரிந்து சமையலறைச் சுவரைத் தள்ளியது. நல்லவேளை, அக்கா கடைக்குப் போயிருந்தார்.

அன்று பின்னேரம், எல் நினோ பற்றி நான் வாசித்திருந்த கட்டுரையை மறுபடி எடுத்தேன். அந்தக் கடல் சூடாகும் வருஷங்களில் இலங்கையில் ஐப்பசி, கார்த்திகை மழை கூடுவதுண்டு என்று, பழைய மழைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் சொல்லியிருந்தார்கள். அது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நான் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனேன். நான் வாய் திறக்குமுன் அக்காவே சொன்னார்:

"கடல் ஏமாத்திருச்சு. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க, சேர்?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.