பெரட்டு என்றொரு கட்டளை

மலைமேல் இருக்கும் தானா ராத்தாவில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு தேயிலைத் தோட்டங்களுக்குக் கணினி நிரல் எழுதுபவள் யுவனேஸ்வரி. கொழுந்து நிறுவையைக் கூட்டி, ஆள்வாரியாகப் பிரித்துத் தரும் நிரல்தொகுப்பு அவள் எழுதியதுதான். நல்ல தொகுப்பு, ஆனால் வாசல் வைக்காத வீடு. அதை ஓட்டக் கறுப்புத் திரையில் நாலைந்து வரி தட்ட வேண்டும். ஒரு புள்ளி பிசகினாலும் முறுக்கிக்கொள்ளும்.

ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில் கணக்கெழுதும் கிராணி யோகேந்திரன் காலைதோறும் அதற்காகவே கூப்பிடுவான்.

"யுவா, அந்த ரெண்டாவது வரி என்னா? மறந்துட்டேன் லா."

"நேத்துதானே சொன்னேன்! மண்டையில என்னா வெச்சிருக்கீங்க?"

திட்டுவாளே தவிர, அந்த அழைப்பு வராவிட்டால் அவளுக்கு டீ இறங்காது. வரியைச் சொல்லி முடித்த பிறகு ஊர்க்கதை நீளும். ஒரே சொல்லில் எல்லாம் ஓடும்படி ஒரு கட்டளை செய்வது அவளுக்குப் பெரிய வேலையே இல்லை. செய்துவிட்டால் அவன் ஏன் கூப்பிடப் போகிறான்? "என்னைக்காவது செஞ்சா பெரட்டுன்னு பேர் வைப்பேன்" என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தாள். காலையில் ஆள்களை நிறுத்தி வேலை பிரிப்பதுதான் பெரட்டு. தோட்டத்தில் நாள் அங்கேதான் தொடங்கும்.

யோகேந்திரனுக்குத் தெற்குக் கோடியில் ஜொகூரில் வேலை கிடைத்தது. போகிறேன் என்றான், சரி என்றாள்.

புதுக் கிராணி வரலட்சுமிக்காகக் கட்டளையைச் செய்தே ஆகவேண்டியிருந்தது. தப்பாகத் தட்டினால் எரிந்து விழாமல், சரியான சொல்லைப் பக்குவமாக எடுத்துச் சொல்லும்படி எழுதினாள். அவனிடமும் இப்படிப் பேசியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டாள்.

அதை ஏற்றிக் கொடுக்க மேல் டிவிஷன் ஆபீசுக்குப் போனாள். அந்தப் பெயரில் கணினியில் வேறொன்றும் இல்லையே என்று பார்க்க, முதலில் வெறுமனே 'பெரட்டு' என்று தட்டினாள். அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் பதில் வரவேண்டும். ஆனால் முந்தின நாள் கொழுந்துக் கணக்கு மடமடவென்று ஓடி முடிந்தது. அவள் சொன்ன அந்தப் பெயரிலேயே யோகேந்திரன் தானாக ஒரு கட்டளை எழுதி வைத்திருக்கிறான். தேதியைப் பார்த்தாள். போன வருஷத்தது.

வரலட்சுமி எட்டிப் பார்த்தாள். "ஏற்கனவே நல்லா ஓடுதே அக்கா! அப்புறம் எதுக்கு அவரு தெனமும் உங்களுக்குப் போன் அடிச்சாராம்?"

யுவனேஸ்வரிக்கு அவனை அந்த நிமிஷமே பார்க்க வேண்டும் போலிருந்தது. ஜொகூர் எங்கே, இந்த மலை எங்கே.