ஐஸ் அறையில் வைத்த கத்திரி நாற்று

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஓர் ஐஸ் பாக்டரியில் வேலை பார்த்தேன். மீனையே நாள்கணக்கில் கெடாமல் வைத்திருக்கிறவனுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று கொஞ்சம் திமிரோடு திரிந்த காலம் அது.

திருவொற்றியூருக்கு மேற்கே, மணலிப் பக்கம் என் அக்கா ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். மாமா இறந்த பிறகு அவளுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அதுதான் சோறு. அந்த ஐப்பசியில் கத்திரி நாற்று வாங்கி வந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. நிலத்தில் தண்ணீர் நின்றது. நாற்றெல்லாம் வீணாகிவிடுமே என்று தவித்தாள்.

“எங்க ஐஸ் ரூமு எதுக்குக் கீது? குடு இப்டி” என்று வாங்கிப் போய் ஐஸ் பாளங்களுக்கு நடுவே வைத்தேன். இடம் போதாமல் ஒரே ஒரு கட்டு மட்டும் வெளியே ஈரச் சாக்கில் கிடந்தது.

ஐந்தாம் நாள் மழை விட்டதும் எடுத்தபோது உள்ளே இருந்தவை அப்போதுதான் பிடுங்கியதுபோல் பச்சையாக, விறைப்பாக இருந்தன. வெளியே கிடந்த கட்டுதான் மஞ்சளடித்துத் தொங்கியது. நாலு பேரிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் நட்டோம். மஞ்சள் கட்டை அக்கா மனசில்லாமல் ஒரு மூலையில் ஊன்றினாள். வெயில் ஏற ஏற என் பச்சை நாற்றுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மத்தியானத்துக்குள் இலையெல்லாம் வெந்நீரில் போட்ட கீரை மாதிரி கறுத்து நசநசத்துவிட்டது. அக்கா குடம் குடமாக ஊற்றிப் பார்த்தாள்.

“பாழாப்போன மண்ணு. உப்பு ஏறிப் போச்சுடா. வெள்ளிக்கெழம நெலத்த திருப்பிக் குடுத்துர்றேன்” என்றாள்.

ஐஸ்தான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் அதை மறைத்துவைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, எங்களிடம் ஐஸ் வாங்க வரும் தாவரவியல் வாத்தியாரிடம் செத்த செடியை நீட்டினேன். கல்லூரிக்கு அழைத்துப் போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நல்ல இலையில் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றும் நீர் நிரம்பிப் புடைத்திருந்தன. என் இலையில் எல்லாம் சுருங்கிக் கிடந்தன.

“மீன் செத்தது, அதை ஐஸ் காப்பாத்தும். இது உயிரோட இருந்ததுப்பா. குளிர்ல இந்த அறைங்களோட தோல் கெட்டுப்போச்சு. வெளியே வந்து சூடு பட்டதும் உள்ளே இருந்த தண்ணியெல்லாம் கசிஞ்சிடுச்சு” என்றார்.

ரயில் பிடித்து, திருவொற்றியூரில் இறங்கி, ஓடினேன். இந்நேரம் நிலத்தைக் கொடுத்திருப்பாளோ என்று பயம். நிலக்காரர் தெருமுனையில் அவளைப் பிடித்து, மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிலத்துக்குத் திரும்பி நடந்தாள். மூலையில், அதே மண்ணில், அந்த மஞ்சள் நாற்றுகள் தலை நிமிர்ந்து நின்றன.

அவள் கண் கலங்கிவிட்டது. “ரெண்டு நாளா இந்த மண்ண வாய்க்கு வந்தபடி திட்டினுகீறேன். நீ கேட்டுக்கினு சும்மாதானேடா இருந்தே?”

அக்கா அந்த நிலத்தில் பிறகு வெகுகாலம் பயிர் வைத்தாள். நாற்றைக் கெடுத்ததை அவள் அன்றே மன்னித்துவிட்டாள். ஆனால் ஏதாவது தப்பு செய்துவிட்டு வாயை மூடிக்கொள்ளத் தோன்றும்போதெல்லாம், எனக்குச் சேரவேண்டிய திட்டை அந்த மண் வாங்கிக்கொண்டு கிடந்தது இன்றும் என்னை உறுத்துகிறது.