பால்மாவு டப்பா

ஆய்வகத்து உலர்த்தும் அடுப்பு பழுதானதால், என் ஆராய்ச்சிக்கான கடுகளவு மணிகளை ராஜபாளையத்து ஆலை ஒன்றில் உலர்த்தி, சின்ன பாட்டிலில் அடைத்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் எடுத்துவந்தேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாட்டில் மூடியில் விரிசல் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இருப்புக்கொள்ளவில்லை. உள்ளங்கையால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“என்னத்த இப்படிப் பொத்திக்கிட்டு வாரே?” என்றார் பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த அக்கா.

“புகையில உள்ள கரியமில வாயுவைப் பிடிக்கிற மணிக்கா. ஈரக்காத்து பட்டா மொதல்ல தண்ணியத்தான் இழுக்கும். பொறவு வாயுவுக்கு இடம் இருக்காது.”

அவர் குழந்தையின் பால்மாவை ஒரு கவரில் கொட்டிவிட்டு டப்பாவை நீட்டினார்.

“பாட்டிலை இதுல வச்சு இறுக்கி மூடு.”

மடவார் வளாகம் நிறுத்தத்தில் குழந்தையோடும் அந்தக் கவரோடும் மழையிலேயே இறங்கிப் போனார்.

ஆய்வகத்தில் நிறுத்துப் பார்த்தேன். மணிகளின் எடை கூடவில்லை. நிம்மதியாக உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, ஈரம் பட்டால் பால்மாவும் கட்டிதட்டிப் போகும். அவருக்கு அது தெரிந்தேதான் இருக்கும். நான் ஒப்புக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.