முதுகைக் காட்டி நின்ற கூட்டம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே எனக்குள் போராட்டம். எழுத உட்கார்ந்து, பாதியில் பயந்துபோய்க் கிழித்துப் போட்டதும் உண்டு. நான் எட்டாவது வரை படித்தவள். ஆண்டவருக்குப் பயந்து குடும்பம் நடத்துகிறவள். பேய்க் கதை சொல்லுகிறாள் என்று சபையில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நடந்தது எங்கள் கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸ் பக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தங்கச் சுரங்கத்தை மூடி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. இங்கே தங்கப் பாறையை அரைத்து, சைனைட் மருந்து போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சைனைட் மேடு என்போம். மாவு மாதிரி மண். புல்கூட ஒழுங்காக முளைக்காது. அப்படி ஒரு மேட்டின் அடியில் இருந்த பெரிய வெட்டவெளியில்தான் அன்றைக்குக் கார் ரேஸ்.

அமெரிக்காவில் ஒரு வகைக் கார் ரேஸ் இருக்கிறதாம். முட்டை வடிவத்தில் பெரிய பாதை. நேராகப் போவதும் இடது பக்கம் திரும்புவதும்தான், வேறு ஒன்றும் கிடையாது. வளைவு வருகிற இடத்தில் பாதையே உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். என் கணவர் சாப்பிடும்போதும் செல்போனில் அதையேதான் பார்ப்பார்.

"இன்னாங்க இது, செக்கு மாடு மாதிரி சுத்தினே கீறானுங்க?" என்று கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"உனுக்கு இன்னா தெரியும்? முன்னாடி போறவன் பின்னாலயே ஒட்டினு போவணும். காத்து அவன் மேல மோதும், நமக்கு லேசா இருக்கும். கடைசி சுத்துல வெளிய எடுத்து முந்தணும். மூளை வேணும்மே இதுக்கு."

அவர் இங்கே உள்ள பெரிய தொழிற்சாலையில் வெல்டர். எங்கள் மகள் காலேஜ் முடிக்கப் போகிற வயதில், ஒரு பழைய அம்பாசிடரை வாங்கிவந்து கண்ணாடியெல்லாம் கழற்றி, கதவுகளை வெல்டு வைத்து மூடி, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டினார். ஏறுவதும் இறங்குவதும் ஜன்னல் வழியாகத்தான். அந்த மூடின கதவைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். அவசரத்துக்கு எப்படி வெளியே வருவார்? முன்பக்கம் ஒரு சிலுவையாவது வரைந்துகொள்ளுங்கள் என்று கெஞ்சினேன்.

"வேணாம்மே. தோத்துட்டா ஆண்டவருக்கில்ல கெட்ட பேரு" என்று சிரித்தார்.

பெங்களூரிலிருந்து சில பையன்கள் வந்துதான் அந்த ரேஸை ஏற்பாடு செய்தார்கள். சைனைட் மேட்டின் சரிவையே வளைவாக வைத்துக்கொண்டு, மண்ணை இறுக்கி, அமெரிக்கா மாதிரியே முட்டை வடிவத்தில் பாதை போட்டிருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் நான் நேராக அங்கே போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை.

"வாடி, உன் ஊட்டுக்காரரு ஜெயிச்சா நீ பாக்க வேணாமா? கவுந்தா தூக்கவும் ஆள் வேணும் இல்ல" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் உட்கார்ந்த இடத்தைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பாதையின் நேரான பகுதியை ஒட்டி நீளமாக ஒரு கரை. ஜனங்கள் எல்லாரும் அதன்மேல்தான். எங்கள் முகத்துக்கு எதிரே பாதை, அதற்கு அப்பால் சைனைட் மேடு. எங்கள் முதுகுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், பழைய சுரங்கத்தின் உயரமான இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் பெரிய சக்கரம். அந்தக் காலத்தில் அந்தச் சக்கரத்தின் மேல் ஓடிய கம்பிக் கயிற்றில் தொங்கித்தான் கூண்டு ஆட்களைக் கீழே இறக்கும், மேலே ஏற்றும். கயிற்றை எப்போதோ எடுத்துவிட்டார்கள்.

ரேஸ் ஆரம்பமானது. கார்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு எங்கள் முன்னால் பறந்து, வலது கோடியில் இருந்த வளைவுக்குள் போய் வெள்ளைப் புழுதியில் மறைந்துவிடும். கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு அந்தப் பக்கம் வெளியே வரும். அந்தக் கோடியில் புழுதி அடங்கவே இல்லை. திரை போட்ட மாதிரி தொங்கிக்கொண்டே இருந்தது. அம்பாசிடர் உள்ளே போகும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். வெளியே வந்ததும் விடுவேன்.

மைக்கில் பேசின பையன் ரொம்பக் கேலிக்காரன். "நம்ம கேஜிஎஃப் அங்கிள் லீடிங்! ஏம்ப்பா, பின்னாடி வர்ற யூத் எல்லாம் தூங்குறீங்களா? அங்கிளுக்கு மாத்திரை டைம் வர்றதுக்குள்ள முந்துங்கப்பா!"

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிஜமாகவே என் கணவர்தான் முதலில் போய்க்கொண்டிருந்தார். பெங்களூர்ப் பையன் ஒருவன் சிவப்புக் காரில் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தான்.

அப்போதுதான் பூமி ஆடியது.

பெரிய ஆட்டம் இல்லை. என் பாதத்தில் ஏறி முழங்காலில் நின்றது. கரையில் வைத்திருந்த டீ கிளாஸ் தானாக நகர்ந்து கவிழ்ந்தது. வெளியூர் ஆட்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கார் சத்தம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சுரங்கம் ஓடின காலத்தில் கீழே பாறை வெடித்தால் இப்படித்தான் இருக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். பரணில் இருக்கிற பாத்திரம் விழும். உடனே எல்லா வீட்டுப் பெண்களும் வெளியே வந்து, கோபுரத்தின் உச்சியைப் பார்த்து நிற்பார்கள். சக்கரம் சுற்றினால் கூண்டு நகருகிறது, ஆட்களை ஏற்றுகிறார்கள் என்று அர்த்தம். சுற்றுகிறவரைக்கும் யாரும் உட்காரமாட்டார்கள், பேசமாட்டார்கள், அடுப்புப் பக்கம் போகமாட்டார்கள். சின்னப் பிள்ளையில் என் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு தடவை பொழுது சாயும்வரைக்கும் நின்றவர். அன்றைக்குச் சக்கரம் சுற்றியது, கூண்டும் வந்தது. ஆனால் அவருடைய வீட்டுக்காரர் அதிலிருந்து நடந்து வரவில்லை.

கரையில் இருந்த எங்கள் ஊர் ஜனம் அத்தனை பேரும் எழுந்துவிட்டோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கடலை தின்றுகொண்டிருந்தவர்கள், விசில் அடித்துக்கொண்டிருந்தவர்கள், சுரங்கத்தையே பார்த்திராத பிள்ளைகள்கூட, எல்லாரும் ரேஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிக் கோபுரத்தைப் பார்த்து நின்றோம். கீழே ஒருத்தரும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நின்றோம். அத்தனை கார் சத்தத்திலும் எங்கள் கரையில் மட்டும் ஆலயத்துக்குள் இருப்பதுபோல் ஓர் அமைதி.

இனி எழுதப்போவதைத்தான் இத்தனை நாள் மறைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சக்கரம் அசைந்தது. வேகமாக இல்லை. அதன் ஆரக்கம்பி ஒன்று இருந்த இடத்துக்கு அடுத்த கம்பி வந்தது, அவ்வளவுதான். வெயில் அதில் பட்டு ஒரு தரம் மின்னியது. காற்று கொஞ்சமும் இல்லை.

அக்கா ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "வருதுடி... கூண்டு மேல வருதுடி."

"ஆண்டவரே, அவர் உள்ள இருக்கிறாரே" என்று மட்டும் ஜெபித்தேன். உள்ளே என்று எந்த இடத்தைச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பின்னால் கிறீச்சென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம். திரும்பினேன். அம்பாசிடர் எங்களுக்கு நேர் எதிரே, பாதையின் நடுவில், குறுக்காக நின்றிருந்தது. சிவப்புக் கார் அதன் பின்பக்கத்தில் இடித்து மூக்கு நசுங்கிக் கிடந்தது. பின்னால் வந்தவர்களெல்லாம் பிரேக் போட்டு, இப்படியும் அப்படியுமாகச் சறுக்கி நின்றார்கள்.

"அய்யோ அங்கிள், ஜெயிக்கிற நேரத்துல யாரு நிக்கச் சொன்னது?" என்று மைக்கில் சத்தம் வந்தது.

சிவப்புக் கார்ப் பையன் ஜன்னல் வழியாகக் குதித்து ஹெல்மெட்டைத் தரையில் அடித்தான். "தலை சரியில்லையா உனக்கு? டிராக்ல போய் பிரேக் அடிக்கிற? செத்திருப்பேன் நான்!"

என் கணவர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டபடி எங்கள் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால் என்னைத் தேடினார். நான் கையை ஆட்டினேன்.

அந்தப் பையன் இன்னும் ஏதோ கத்த வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திவிட்டான். அவன் பார்த்த பக்கம் நாங்களும் பார்த்தோம். வளைவில் தொங்கிக்கொண்டிருந்த வெள்ளைப் புழுதி, மேலே போகவேண்டிய புழுதி, கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டியில் அடைப்பை எடுத்தால் தண்ணீர் இறங்குமே, அந்த மாதிரி சுழன்று சுழன்று பூமிக்குள் போனது. அது முழுவதும் போனபின் பார்த்தால், அங்கே பாதை இல்லை. ஒரு வீடே இறங்குகிற அளவுக்குப் பள்ளம். அடி தெரியவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் அவர்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் அது.

பள்ளத்திலிருந்து ஜில்லென்று காற்று வந்தது. ஈர இரும்பும் வெடிமருந்தும் கலந்த வாசனை. ஷிப்ட் முடிந்து வரும்போது எங்கள் அப்பாக்களின் சட்டையில் இருந்த வாசனை. சில பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். மைக் பையன் மைக்கை அணைக்க மறந்துவிட்டான். அவன் மூச்சு வாங்குகிற சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

நான் மறுபடியும் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தேன். சக்கரம் நின்றிருந்தது.

அந்தச் சிவப்புக் கார்ப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறவரைக்கும் என் கணவரின் கையை விடவில்லை. "அங்கிள், குழி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

"குழி எங்க தெரிஞ்சது எனுக்கு? பூமி ஆடினதும் தெரியல. கார்ல கீறவனுக்கு எல்லாமே ஆட்டந்தான். நேர் ரோட்டுல வந்துக்கினு கீறேன், கரையில பாத்தா எங்க ஊரு ஜனம் அம்மாம் பேரும் முதுகக் காட்டினு நிக்குது. எங்கப்பா ஒருவாட்டி கீழ மாட்டிக்கினப்ப எங்கம்மா நின்ன மாதிரியே நிக்குது. கால் தானா பிரேக்குக்குப் போயிடுச்சி. அதுக்கு மேல கேக்காத."

பிறகு அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், முள்வேலி போட்டார்கள். பழைய சுரங்க வழி ஏதாவது உள்ளே இடிந்திருக்கும் என்றார்கள். சரியாகத்தான் இருக்கும். அதற்கப்புறம் அங்கே ரேஸ் இல்லை. அம்பாசிடரும் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

சக்கரத்தைப் பற்றி என் கணவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரச் சில நாள் ஆனது. சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது.

"அது சுத்தாதுமே. மைன் மூடின சமயத்துல காண்ட்ராக்ட் வேலைக்குப் போய் அதுக்கு வெல்டு வெச்சதே நான்தான். ஆடாம இருக்க நாலு பக்கமும் பட்டை குடுத்து அடிச்சேன்."

மறுநாள் சாயங்காலம் காவல்காரரிடம் கேட்டு மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். கை கால் கழுவினார். களியும் குழம்பும் வைத்தேன். சாப்பிட்டு எழுந்திருக்கும்போது, "வெல்டு அப்படியே கீது" என்றார்.

சமீபத்தில் இந்தச் சம்பவம் யாரோ எழுதி அனுப்பின மெசேஜாக என் செல்போனுக்கே சுற்றி வந்துவிட்டது. அதில் சுரங்கச் சங்கு ஊதியதாக இருந்தது, தலையில் விளக்கு வைத்த ஆட்கள் பள்ளத்திலிருந்து ஏறி வந்ததாக இருந்தது, என் கணவர் இறந்தே போயிருந்தார். எனக்கு அதைப் படித்துக் காட்டியது அவர்தான். "நான் செத்துப்போய்ட்டேன் பாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பேசாமல் இருந்ததால்தான் ஆளுக்கு ஒன்றாகக் கட்டிவிட்டார்கள் என்று தோன்றியது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சக்கரம் எப்படி அசைந்தது என்று நான் ஆண்டவரிடம் இதுவரை கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். வேடிக்கை பார்க்கப் போன நாங்கள், பூமி ஆடின அந்த நொடியில், கீழே யாராவது இருப்பார்களோ என்று முதலில் அவர்களைத்தான் நினைத்தோம். இல்லாத அந்த ஆட்களுக்காக நாங்கள் எழுந்து நின்றதில், இருந்த என் மனிதர் எனக்குத் திரும்பக் கிடைத்தார். வேலையும் போய் கூண்டும் போன பிறகும், அந்த ஒரு பழக்கத்தை எங்கள் ஊரிடமிருந்து ஆண்டவர் எடுத்துக்கொள்ளாமல் வைத்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் முழங்கால் தானாக மடிகிறது. படிக்கிறவர்கள் இதைத் தாராளமாக நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நான் எழுதினபடியே சொல்லுங்கள்: சங்கு ஊதவில்லை, பள்ளத்திலிருந்து யாரும் ஏறி வரவில்லை, சக்கரம் ஒரே ஒரு கம்பி அளவுக்கு நகர்ந்தது, அதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.