முப்பத்தொன்பது அடி

கொட்டாஞ்சேனையில் எங்கள் மிளகாய்த்தூள் ஆலை இருந்த கட்டடத்தை வேறொருவர் வாங்கிவிட்டார். ஆறு மாதத்துக்குள் இயந்திரங்களை அங்கிருந்து கிளப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். மட்டக்குளிப் பக்கம் எங்களுக்கு ஒரு காணித்துண்டு இருந்தது, சதுப்பில் மண் கொட்டி நிரப்பிய காணி. அதில் இரும்புக் கட்டடம் போடலாம் என்றார் என் வீட்டுக்காரர். தூணும் குறுக்கே போகிற வளையும் கூரையும் தொழிற்சாலையிலேயே அளவுக்கு வெட்டித் துளை போட்டு வருமாம். இறக்கிப் பூட்டினால் இரண்டு கிழமையில் நின்றுவிடுமாம்.

"அப்ப அத்திவாரம்?" என்று கேட்டேன்.

"அதுதான் எங்கட பாடு. அது சரியெண்டால் மிச்சம் தன்பாட்டில நிக்கும்."

அத்திவார வேலைக்கு ஒரு மேசன் பாஸைப் பிடித்தார். கொத்து வேலை செய்கிறவர்களை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். மலைநாட்டு ஆள். மட்டக்குளியிலேயே ஒரு வாடகை அறையில் பெண்சாதி பிள்ளைகளோடு இருந்தார். நான் தினமும் பஸ் ஏறிப் போய் வேலையைப் பார்ப்பேன். சும்மா நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை, இது என்ன, அது என்ன என்று கேட்டபடி இருப்பேன். அவரும் சலிக்காமல் சொல்லுவார்.

"வீட்டு அத்திவாரம் பாரத்தத் தாங்கணும்மா. இது லேசான கட்டடம். காத்து அடிச்சா மேல தூக்கும், காலு ரெண்டும் வெளிய விரியப் பாக்கும். அத விடாமப் புடிச்சு வைக்கிறதுதான் இந்த அத்திவாரத்தோட வேல."

ஒவ்வொரு தூணுக்கும் ஆழமாக ஒரு குழி. அடியில் அகலமான கொங்கிறீட் பாதம், அதன்மேல் ஒரு குட்டைக் கால், காலின் தலையில் நான்கு நீட்டுப் போல்ட் வெளியே தெரியும். தூணின் அடித்தட்டில் உள்ள நான்கு துளையும் அதில் வந்து இறங்க வேண்டும். கொங்கிறீட் ஊற்றும்போது போல்ட் அசையாதிருக்கத் துளை போட்ட பலகையில் கோத்து வைத்திருந்தார்.

கட்டடப் படம் இங்கிலீசில், மீற்றர் கணக்கில் இருந்தது. நான் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் மனையடிக் கணக்கு எனக்கு மனப்பாடம். கம்பஸில் படித்துப் பட்டம் வாங்கியவர்களும் வீடு கட்டமுன் என்னிடம் வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள்.

"உள் அகலம் எத்தினை அடி பாஸ்?"

"முப்பத்தெட்டு வருதும்மா."

முப்பத்தெட்டடி மனையில் பேய் குடியிருக்கும். முப்பத்தொன்பது என்றால் ஒரு குறையும் இல்லை.

"கிழக்கு வரிசை முழுக்க ஒரு அடி தள்ளிப் போடுங்கோ."

"ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேனே. இரும்பு அளவா வருதும்மா."

"ஐயாவுக்கு நான் சொல்லுறன். இவ்வளவு காலமும் ஆலையை நடத்தினது ஆர் எண்டு நினைக்கிறியள்? சொல்லுறது என்ர வேலை, கட்டுறது உங்கட வேலை."

"அம்மா சொன்னா சரிங்க," என்று சிரித்துக்கொண்டு நூலை அவிழ்த்துக் கட்டினார்.

நான் என் வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. சொன்னால் மனையடியைக் கேலி செய்வார். ஓர் அடி கூடினால் ஓர் அடி நீட்டு மரம் போடுகிற வீடு மாதிரித்தான் இதையும் நினைத்தேன். எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் இரும்பை ஏற்கெனவே வெட்டியிருப்பார்கள் என்று அவரே சொல்லியிருந்தார். காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை.

லொறிகள் வந்தன. கிரேனும் வந்தது. நிலத்தில் வைத்தே இரண்டு தூணையும் மேல் வளையையும் பூட்டி ஒரே துண்டாகத் தூக்கினார்கள். மேற்குக் கால் போல்டில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கிழக்குக் கால் போல்டுக்கு ஓர் அடி உள்ளே அந்தரத்தில் தொங்கியது.

"என்ன ஐயா, பில்டிங் தண்ணியில சுருங்கின உடுப்பு மாதிரி வந்திருக்கு!" என்றான் பூட்ட வந்தவர்களில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுடைய மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்காமல் நாடாவைப் பிடித்துக் கிழக்கு வரிசையில் இருந்த ஐந்து காலையும் அளந்தார்.

"ஒண்டு பிழைச்சால் கை தவறினது எண்டு சொல்லலாம். ஐஞ்சும் ஒரே அடி. இது ஆரோ யோசிச்சுச் செய்த வேலை."

என் வீட்டுக்காரர் பாஸிடம் திரும்பினார். "படம் பார்க்கத் தெரியாட்டி ஏன் கை வைச்சனீ?"

பாஸ் என்னைப் பார்த்தார். நான் சாப்பாட்டுப் பார்சல்களோடு குடையின் கீழ் நின்றேன். நான் சொல்லித்தான் செய்தார் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அங்கே இருபது ஆம்பிளைகள் நின்றார்கள். எழுத்துத் தெரியாத கிழவி சாத்திரம் பார்த்துக் கெடுத்தாள் என்று கொட்டாஞ்சேனை முழுக்கக் கதைக்கும். நான் கிரேனைப் பார்த்தேன்.

"எம் பெசகுதாங்க ஐயா," என்றார் பாஸ்.

அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். ஐந்து பாதத்தையும் உடைத்து, பக்கத்தில் புதிதாகத் தோண்டி ஊற்றினார்கள். ஆறு மாதத் தவணை முடிந்து இயந்திரங்கள் வெட்டவெளியில் படங்குச் சீலை மூடிக் கிடந்தன. மழை பிடித்தது, மோட்டர்கள் தண்ணி குடித்தன. இரண்டு தரம் கிளறிய மண் இறுகவே இல்லை. கட்டடம் எழும்பி இரண்டாம் வருடம் கிழக்கு வரிசை தாழ்ந்தது, உருட்டுக் கதவு பாதியில் இறுகி நின்றது. அதை மூன்று பேர் சேர்ந்து தூக்கும் ஒவ்வொரு காலையும், "அந்தப் பாஸ் செய்த வேலை," என்பார் என் வீட்டுக்காரர். கண் மூடும்வரை அப்படித்தான் சொன்னார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பேன்.

வேலையிலிருந்து அனுப்பி ஒரு மாதம் இருக்கும், பாஸ் எங்கள் வீட்டு வாசல் படலைக்கு வந்தார். சவரம் செய்யாத முகம்.

"ஐயா ஊரெல்லாம் சொல்லிட்டாரும்மா. ஒருத்தரும் கூப்புடுறாங்க இல்ல. தனியாவாவது ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லிவைங்கம்மா."

"பாப்பம்," என்றேன். உள்ளே வரச் சொல்லவில்லை.

"ஆர் வந்தது?" என்று இவர் அறைக்குள்ளிருந்து கேட்டார்.

"பழைய பேப்பர் எடுக்கிறவன்," என்றேன். பாஸ் அப்போதும் படலையில்தான் நின்றார். கேட்டிருப்பார். கேட்டார்.

இவர் கண் மூடிய பிறகு நான் மட்டக்குளிக்குப் போய் அந்த அறை வரிசையில் விசாரித்தேன். புதிதாகக் குடிவந்த ஒரு பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"மேசன் பாஸ் ஒராள் இருந்தவர். எங்க போயிட்டார்?"

"எந்த பாஸும்மா? பேரு என்னங்க?"

அத்தனை நாளும் பாஸ், பாஸ் என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய பெயரை நான் கேட்டதே இல்லை.