நியூசைட் ஜாம்ஃபியும் நாற்பது வினாடியும்

வலது கை டயருக்கும் ரிம்முக்கும் நடுவே லிவரை நுழைத்து நெம்பிக்கொண்டிருக்கிறது. இடது கை கால்சட்டைப் பைக்குள் இருக்கிறது. பைக்குள்ளே கட்டைவிரல் பச்சைப் பொத்தானை இரண்டு முறை அழுத்துகிறது. லைன் பிஸி என்று விட்டுவிட்டு ஒரு சத்தம். உடனே சிவப்பு. மறுபடி பச்சை, பச்சை. போனை ஜாம்ஃபி கண்ணால் பார்ப்பதே இல்லை. எதிர்முனையில் மணி ஒலிக்கும் சத்தம் பைக்குள்ளிருந்து கேட்டால் மட்டும் லிவரைக் கீழே போட்டுவிட்டு அதை வெளியே எடுப்பார். பிறகு, ஆணியில் தொங்கும் ரேடியோவின் ஒலியைக் குறைப்பார்.

டயரின் சொந்தக்காரர், பெரும்பாலும் ஒரு டாக்ஸி ஓட்டுநர், அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

“பெரியவரே, என் வண்டியும் ஒரு பிரச்சனைதான். அதையும் ரேடியோவுல சொல்லுங்க, யாராவது வந்து பார்ப்பாங்க.”

“உன் டயர்ல ஆணி. ஊருக்கே ஆணி அடிச்சிருக்காங்க, அதைப் பார்க்க வேண்டாமா? உக்காரு.”

மணி ஒலித்தால் எடுப்பவள் நான். எங்கள் நகரத்து வானொலி நிலையத்தில் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை அஜெகும் என்பவர் நடத்தும் நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளை வரிசைப்படுத்துவது என் வேலை. தினமும் கூப்பிடுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் உண்டு. அவர்களுக்கு ஊர்ப் பெயரே முன்பெயராக ஒட்டிக்கொண்டுவிடும். இவர் நியூசைட் ஜாம்ஃபி. பஞ்சர் கடையின் பலகையில் ‘டயர்’ என்ற சொல் சிறியதாகவும் ‘நியூசைட் ஜாம்ஃபி’ பெரியதாகவும் இருக்கின்றன. முகம் தெரியாத ஒருவரின் குரலை இரண்டு வருடம் கேட்டிருந்தேன். நேரில் பார்த்தபோது குரலைவிட ஆள் குள்ளமாக இருந்தார்.

வயது ஐம்பத்தெட்டு. விரல் நகங்களைச் சுற்றி ரப்பர் கறை நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் பேச்சுதான். கால்பந்து, மின்தடை, கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி வைப்பது சரியா தவறா என்று எதைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. லைன் கிடைத்ததும் என்னிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, “இன்னிக்கு நான் எத்தனாவது?” மூன்றாவது என்றால் குரல் கொஞ்சம் வாடும்.

ஜூன் மாதத்துக்குப் பிறகு அவர் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

கடைக்கு எதிரே தொடக்கப் பள்ளி. வாசலை ஒட்டி ஆள் உயர ஆழத்தில் சாக்கடை. அதன் மேலிருந்த கான்கிரீட் மூடிகளில் ஒன்றை மணல் லாரி ஒன்று உடைத்துவிட்டுப் போனது. மழை நாளில் தெருவும் சாக்கடையும் ஒரே தண்ணீராகத் தெரியும். அப்படி ஒரு நாள் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அந்த ஓட்டைக்குள் போய்விட்டாள். ஜாம்ஃபி கையிலிருந்த லிவரோடு ஓடி, அவளுடைய புத்தகப் பையின் பட்டையில் அதைக் கொக்கிபோல மாட்டி இழுத்தார். பிள்ளை பிழைத்தாள். மூடி வரவில்லை. அவர் தினமும் அதையே பேசினார். கேட்பவர்களுக்கு அலுத்துப்போனதும் உண்மைதான். “அந்த மூடியை நாங்களே தலையில தூக்கிட்டு வந்து போட்டுடறோம், பெரியவரை விடச் சொல்லுங்க” என்று வேறொரு தினசரி அழைப்பாளர் நேரலையிலேயே கிண்டல் செய்தார். அதற்குப் பிறகு ஜாம்ஃபி அவருடன் பேசுவதில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் எங்கள் நிலையம் ஒரு முடிவெடுத்தது. திங்கள்கிழமை முதல் நேரடி அழைப்பு கிடையாது. கேட்பவர்கள் நாற்பது வினாடிக்குள் வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும்; நல்லதைத் தேர்ந்தெடுத்து ஒலிபரப்புவோம். அதே வாரம் வியாழனன்று சாலை வேலைகளைப் பார்க்கும் பொறியாளர் டான்டோ நிகழ்ச்சிக்கு வருவதாகவும் முடிவாயிற்று. மூன்று முறை கூப்பிட்டு, மூன்று முறையும் கடைசி நேரத்தில் வராமல் போனவர் அவர்.

ஜாம்ஃபியின் பட்டன் போனில் வாய்ஸ் மெசேஜ் அனுப்ப முடியாது. திங்கள் மாலை வேலை முடிந்து போகிற வழியில் கடையில் இறங்கினேன்.

கடைக்குப் பக்கத்திலேயே அவருடைய மனைவி போமா வாழைக்காய் சுட்டு விற்கிறார். ஒரு கை விசிறியில், ஒரு கை இடுக்கியில். எனக்கு ஒரு துண்டையும் ஒரு பிடி வேர்க்கடலையையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே சொன்னார்: “புது போன் வீட்டுல இருக்கும்மா. டுஃபியே அக்ராவுலேருந்து அனுப்பி நாலு மாசம் ஆச்சு. பெத்த பொண்ணு அனுப்பினதை மனுஷன் தொட்டுக்கூடப் பார்க்கல.”

“தொட்டேன். அதுதான் என்னைத் தொட விடல” என்றார் ஜாம்ஃபி.

உண்மைதான். போமா போனைக் கொண்டுவந்து கொடுத்தபோது நானே பார்த்தேன். தண்ணீரும் ரப்பர் சொல்யூஷனும் பூசிய கட்டைவிரலை அந்தக் கண்ணாடி ஒரு விரலாகவே மதிக்கவில்லை. அவர் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பெட்ரோலில் விரலைத் துடைத்து, சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, சட்டையில் உலர்த்தி மறுபடி அழுத்தினார். எங்கோ ஒரு பாட்டு ஓடத் தொடங்கியது.

“இதைப் பைக்குள்ள வெச்சு அடிக்க முடியுமா? முடியாது. ஒவ்வொரு தடவையும் மூஞ்சியைப் பார்த்துத்தான் பேசுவேங்குது. புதுப்பொண்டாட்டி மாதிரி.”

“பழைய பொண்டாட்டி மூஞ்சியையும் எப்பவாவது பாருங்க, டுஃபியே அப்பா” என்றார் போமா.

வேறு ஒரு கவலையும் அவருக்கு இருந்தது. அதை என்னிடம் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். “செர்வா, நிஜத்தைச் சொல்லு. இனிமே நான் பேசினதை முதல்ல நீங்க கேட்டுட்டு, பிடிச்சா போடுவீங்க, பிடிக்கலைன்னா விட்டுடுவீங்க. அப்படித்தானே?”

அப்படித்தான் என்றேன்.

“இப்ப நான் லைன்ல வந்துட்டா, வந்ததுதான். யாராலயும் நிறுத்த முடியாது.”

வியாழக்கிழமை டான்டோ வருகிறார், புது போனை விட்டால் வேறு வழியில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். எதிரே பள்ளி விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் இரண்டு பிள்ளைகள் அந்த ஓட்டையைத் தாண்டித் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தன. “ஏய், அந்தப் பக்கம் போங்க!” என்று ஒரு அதட்டல் போட்டார். பிறகு என்னிடம் திரும்பி, “எப்படி அனுப்பறது, காட்டு” என்றார்.

போமா போனைப் பிடித்துக்கொண்டார். உலர்ந்த விரல் அவருடையதுதான். ஜாம்ஃபி எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

“தம்பி அஜெகும், காலை வணக்கம்.”

அதோடு நிறுத்திவிட்டார். நாங்கள் காத்திருந்தோம்.

“ஏன் நின்னுட்டீங்க?” என்றார் போமா.

“அவர் பதில் சொல்லட்டும்.”

“யாரு?”

“அஜெகும்தான்.”

“அவர் இதுக்குள்ள இல்லய்யா! இது டப்பா. நீங்க கொட்ட வேண்டியதுதான்.”

மறுபடி தொடங்கினார். மறுபடியும் வணக்கத்தோடு நின்றார். நிகழ்ச்சி நடத்தும் அஜெகும், “வணக்கம் பெரியவரே, வீட்டுல எல்லாரும் சுகமா?” என்று கேட்டு, இவர் “சுகம்” என்று சொல்லி, “என்ன சேதி?” என்று அங்கிருந்து வந்த பிறகுதானே இத்தனை வருடமும் விஷயத்தைத் தொடங்கியிருக்கிறார்! ஐந்தாவது முயற்சியில் வணக்கமும் காத்திருப்புமாகவே நாற்பது வினாடி தீர்ந்துபோனது.

வணக்கத்தை விட்டுவிடுங்கள், நேராக மூடியைப் பற்றிப் பேசுங்கள் என்றேன். எல்லோரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வருத்தம் போல ஏதோ இருந்தது. “அம்மாடி, உன் வீட்டு வாசல்ல ஒருத்தன் வந்து நின்னு, நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்காம, ‘மூடி எங்கே’ன்னு கத்தினா நீ என்ன பண்ணுவே? கதவைச் சாத்துவே. அந்த எஞ்சினியரும் சாத்திடுவார். அவருக்கு அது வசதியாப் போயிடும்.”

“அப்ப அனுப்பலையா?” என்றார் போமா.

“அனுப்புவேன். போன் அவங்க சொல்ற போனா இருக்கட்டும். பேச்சு என் பேச்சு.”

வியாழன் காலை ஆறேகாலுக்கு அவருடைய செய்தி வந்தது. நான்கு நிமிடம். ஹெட்போனில் கேட்டேன். பாதி பேச்சு, பாதி வெறும் நேரம். அந்த வெறும் நேரத்தில் கோழி கூவியது, யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். ஒலியை நன்றாகக் கூட்டியபோது ஒரு முணுமுணுப்பும் கேட்டது. எதிர்ப்பக்கம் சொல்ல வேண்டிய பதிலை உதட்டுக்குள்ளேயே சொல்லி, அதற்கு ஆகும் நேரத்தை அவர் அளந்து காலியாக விட்டிருந்தார். விதிப்படி அதை ஒதுக்கியிருக்க வேண்டும். அன்றைய பட்டியலில் கடைசியாக வைத்தேன்.

எட்டரை மணி. பொறியாளர் டான்டோ இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான்கைந்து செய்திகளுக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பொதுவாகப் பதில் சொல்லி முடித்திருந்தார். பொத்தானை அழுத்தினேன்.

“தம்பி அஜெகும், காலை வணக்கம்.”

அமைதி. வானொலியில் அமைதியைப்போல் பயமுறுத்துவது வேறில்லை. அஜெகும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார். ஆனால் பல வருடப் பழக்கம் அவரை முந்திக்கொண்டது. “வணக்கம் பெரியவரே. வீட்டுல எல்லாரும் சுகமா?”

“சுகம்தான். பக்கத்துல எஞ்சினியர் சார் உக்காந்திருக்கார். சார், உங்களுக்கும் என் வணக்கம்.”

மறுபடி அமைதி. டான்டோ ஒலிபெருக்கியைப் பார்த்தார், அஜெகுமைப் பார்த்தார். ஊரே கேட்டுக்கொண்டிருக்க, வயதான ஒருவர் வணக்கம் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். டான்டோவும் இந்த மண்ணில் வளர்ந்தவர்தான். முன்னால் குனிந்து, “வணக்கம் பெரியவரே” என்றார்.

அமைதி அப்போதும் முடியவில்லை. வந்தவர் தானாக விஷயத்தைத் தொடங்கமாட்டார். வீட்டில் இருப்பவர்தான் கேட்க வேண்டும்.

“என்ன சேதி?” என்றார் டான்டோ.

“சேதி கெட்டது இல்ல, சார். பள்ளிக்கூட வாசல்ல சாக்கடை மூடி ஒண்ணு ஜூன் மாசத்துலேருந்து இல்ல. ஒரு பிள்ளை உள்ளே போச்சு. நான் இழுத்தேன். நான் எப்பவும் கடையில இருக்கமாட்டேன். அதைப் போட்டுக் குடுங்க.”

இந்த இடத்தில் அவர் விட்டிருந்த இடைவெளி மிக நீளமானது. அதிகாரிகள் எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். டான்டோ நிதி ஒதுக்கீட்டைச் சொன்னார், மழையைச் சொன்னார், விரைவில் ஆவன செய்யப்படும் என்றார். அப்படியும் நேரம் மிஞ்சியது. கோழி கூவியது.

“ரொம்ப நல்லது, சார்” என்றது பதிவு. “எந்தத் தேதி?”

அஜெகும் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நிறுத்தும் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன். டான்டோவின் நெற்றியில் வியர்வை இருந்தது, ஸ்டூடியோவில் ஏசி ஓடியும். அவர் தன் போனை எடுத்து, நாட்காட்டியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“இருபத்தொண்ணாம் தேதி. செவ்வாய்க்கிழமை.”

“கேட்டுக்கிட்டேன், சார். நன்றி.”

அன்று மதியம் மேலாளர் என்னைக் கூப்பிட்டு நான்கு நிமிடத்துக்குக் கணக்குக் கேட்டார். அதையும் முடித்துக்கொண்டு மாலையில் நியூசைட்டில் இறங்கினேன். போமா அடுப்பிலிருந்தே கையைக் காட்டினார்: “அங்க பாரு, உங்க ரேடியோக்காரரை.”

ஜாம்ஃபி ஒரு பழைய லாரி டயரைத் தெருவின் குறுக்கே உருட்டிக்கொண்டு போனார். சாக்கடை ஓட்டையின் விளிம்பில் அதை நிமிர்த்தி நிறுத்தி, சாயாமலிருக்க இரண்டு பக்கமும் கல்லை அண்டக் கொடுத்தார். டயரின் பக்கவாட்டில், வரும் வண்டிகளைப் பார்த்தபடி, ‘21 செவ்வாய்’ என்று வெள்ளை பெயின்டில் எழுதியிருந்தது. சட்டைப் பையில் புது போன் மணியடித்தது. அதைக் கவனிக்காமல் வானத்தைப் பார்த்தார். மேகம் கூடியிருந்தது. பெயின்ட் டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷை நன்றாகத் தோய்த்து, அந்த எழுத்துகள் மேலேயே இன்னொரு பூச்சு கொடுக்கத் தொடங்கினார்.